வாய்க்கால் முகத்தில் நீ போட்ட சுண்ணாம்புக் கோடு

பிரபு,

நேற்றுக் காலை ஏரிக்குள் இறங்கி, வரத்துக் கால்வாய் வந்து சேருகிற வாய்க்கால் முகம் வரைக்கும் நடந்து போனேன். இந்த முட்டி வலியோடு அங்கே என்ன வேலை என்று உன் அப்பா கேட்டார். அவர் கேட்டது சரிதான், ஆனாலும் போனேன். சம்புப் புல்லும் கோரையும் ஆள் உயரத்துக்கு நிற்கிற அந்த இடத்தைச் சுற்றி உன் ஆட்கள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். புங்க மரத்தடியில் தொடங்கி, உடைந்த மைல்கல்லைச் சுற்றி, கரை மேட்டில் போய் முடிகிறது. அந்த மைல்கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அது உன் கோடு இல்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால், இதே சித்திரை வெயிலில், இதே மரத்தடியில் தொடங்கி என் கையால் நான் போட்ட கோடு. நீ அதைப் பார்த்ததே இல்லை. எப்படியடா இம்மி பிசகாமல் அதே இடத்தைப் பிடித்தாய்?

போனில் சொல்லலாமே என்பாய். சொன்னேனே! 'அந்தச் சம்புக் காட்டை மட்டும் விட்டுடுடா' என்றதற்கு, 'பிளான்ல இருக்கும்மா, நான் இன்னா பண்றது? லைன்ல ஆள் இருக்காங்க, அப்புறம் பேசறேன்'னு வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. வேங்கிக்காலில் வீடு, இரண்டு பொக்லைன், கீழே பத்து ஆட்கள் என்று நீ வளர்ந்து நிற்பதில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. சொந்த ஊர் ஏரியைத் தூர் வாரி, கரையில் நடைபாதை போடுகிற வேலை உனக்கே கிடைத்தபோது தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தவளும் நான்தான். ஆனால் மே தினக் கிராம சபையில் ஊருக்கு விளக்கம் சொல்லிவிட்டு, மறுநாளே அந்தச் சம்புக் காட்டில் மெஷினை இறக்கப் போகிறாய். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தை அந்தச் சபையில் நானே எழுந்து நின்று வாசிக்கப் போகிறேன். அம்மா சொல்லாமல் கொள்ளாமல் மானத்தை வாங்கிவிட்டாள் என்று நீ நினைக்கக் கூடாது, அதனால்தான் உனக்கு முதலில் அனுப்புகிறேன்.

உனக்கு மண் வேலை தெரியும். ஒரு மேட்டைப் பார்த்தால் எத்தனை லோடு என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாய். ஆனால் அந்த இடம் என்ன வேலை பார்க்கிறது என்று உனக்குத் தெரியாது. அதற்காக உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. மழைக் காலத்தில் கால்வாய் செந்தண்ணீராக ஓடி வருகிறது. மேட்டு நிலத்து மண்ணும், வயலில் போட்ட உரமும், சாணியும், குப்பையும் அதில் கரைந்து வருகின்றன. ஏரிக்குள் நுழைகிற இடத்தில் தரை விரிந்து தட்டையாகிறது. அங்கே சம்பு நெருக்கமாக நிற்பதால் தண்ணீரால் ஓட முடியாது. பத்து வழியாகப் பிரிந்து, ஊர்ந்து, நின்று நின்று போகும். ஓட்டம் குறைந்தால் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகத் தண்ணீருக்குத் தெம்பு ஏது? அங்கேயே போட்டுவிடுகிறது. அரிசி களைந்த தண்ணீரை அண்டாவில் விட்டு வைத்தால் மாவு அடியில் தங்குமே, அந்த மாதிரி. உரச் சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு கீழே படிகிறது. கொஞ்சத்தைச் சம்பு தின்று வளர்கிறது, மிச்சத்தைச் சேறு பிடித்து வைத்துக்கொள்கிறது. அதைத் தாண்டி மதகுப் பக்கம் போய்ச் சேருகிற தண்ணீர் தெளிந்த தண்ணீர். உன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையெல்லாம் மதகுப் படியில் துவைத்துத்தான் பளிச்சென்று போட்டுவிட்டேன். அத்தனை வருடமும் நான் சோப்பைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

நான் ஊராட்சித் தலைவியானபோது நீ பாலிடெக்னிக்கில் முதல் வருடம். தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் மனைவி ஜெயித்தால் புருஷன் நாற்காலியில் உட்காருவான், அதுதான் வழக்கம். உன் அப்பாவும் முதல் கூட்டத்தில் அந்த நாற்காலிப் பக்கம் போனார். 'டிக்கெட் கிழிக்கிறதெல்லாம் பஸ்ஸோட வெச்சிக்கங்க'ன்னேன். கூட்டமே சிரித்தது. கண்டக்டர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அப்போது தலை கால் புரியவில்லை. ஒரு பெண் பிள்ளை கையெழுத்துப் போட்டால் அது அவள் கையெழுத்தாகவே இருக்க வேண்டும், அவள் செய்த வேலை ஊர் முழுக்கத் தெரிய வேண்டும் என்று ஒரு வெறி. அந்த வெறி தப்பில்லை. அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் தப்பு.

அந்தக் கோடையில் ஏரி வற்றியிருந்தது. வயல் மண் செத்துப் போயிருந்ததால் வண்டல் அடித்துக்கொள்ள அனுமதி கேட்டோம், கிடைத்தது. அளக்க வந்தவர்கள் ஏரியின் நடுப்பகுதியில் கொடி நட்டுவிட்டு, இதற்குள் மட்டும் எடுங்கள், கால்வாய் வாய்ப்பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நடுவிலோ டிராக்டர் புதைந்தது. மண்ணும் சரளை கலந்த மண். வாய்க்கால் முகத்து மண் அப்படி இல்லை. நம் தெருக்காரர் ஒருவர் ஒரு கட்டி எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பாக, வழுவழுவென்று, பிசைந்தால் விரலில் ஒட்டிக்கொண்டது. 'இத பாருங்க தலைவரம்மா, இதுல வெதச்சா ஒரமே வேணாம். ரோடும் கிட்ட, டிராக்டரும் மாட்டாது'ன்னார். சம்புக்குள் பாம்பு இருக்கிறது, பன்றி அடைகிறது, அதையும் சுத்தம் பண்ணின மாதிரி ஆகட்டும் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. பந்தல் வேலைக்கு வாங்கி வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு போய், புங்க மரத்தடியில் தொடங்கிக் கோடு போட்டேன். கைதட்டினார்கள். அந்த மண் ஏன் அவ்வளவு கொழுத்துக் கிடக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே, பிரபு! அவ்வளவு சத்தும் அங்கே சேர்ந்திருக்கிறது என்றால், அது ஏரிக்குள் போகாமல் அங்கேயே நின்றிருக்கிறது என்றுதானே பொருள். நாங்கள் சல்லடையையே பிடுங்கிக்கொண்டு போய் வயலில் விரித்தோம்.

முதல் வருடம் மல்லாட்டை காய்த்த காய்ப்பு உனக்கு நினைவிருக்கும். செடியைப் பிடுங்கினால் கடலை கொத்துக் கொத்தாக வந்தது. கோயில் திருவிழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். ஏரியைச் சுத்தம் பண்ணின தலைவரம்மா என்று மைக்கில் சொன்னபோது நீ முன்வரிசையில் நின்று விசில் அடித்தாய். இன்றைக்கு உன்னிடம் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஊர் உன்னை ஒரே குரலில் புகழும்போது, அந்த வேலையில் எதை எடுத்தோம், அது எங்கே இருந்தது, அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. நான் சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை. கால்வாய்த் தண்ணீர் ஏரிக்குள் வருகிற சத்தம் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது. அதற்கு முன்னால் அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. எத்தனை மழை பெய்தாலும் நம் ஏரிக்குத் தண்ணீர் சத்தம் காட்டாமல்தான் வரும். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். செந்தண்ணீர் ஒரே பாய்ச்சலில் மதகு வரைக்கும் போய் முட்டியது. எதிர்வீட்டுப் பச்சையம்மா துணி மூட்டையோடு திரும்பி வந்து, 'இன்னா தலைவரம்மா, சேத்துல தோய்க்கச் சொல்றீங்களா?'ன்னு கேட்டாள். புதுத் தண்ணி, ரெண்டு நாளில் தெளிஞ்சிடும் என்றேன். தை பிறந்தும் தெளியவில்லை. மதகுக் கண்ணில் சேறு அடைத்துக்கொண்டு, மண்வெட்டி வைத்து வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மேட்டில் தங்க வேண்டியது அத்தனையும் பள்ளத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த கோடையில் தண்ணீர் குறையக் குறைய நிறம் மாறியது. முதலில் பாசி மாதிரி இருந்தது. பிறகு மதகுப் பக்கம் பச்சைப் பெயின்ட் ஊற்றிய மாதிரி ஏடு படிந்தது. குச்சியை விட்டு விலக்கினால் விலகி, மறுபடி மூடிக்கொண்டது. கொக்குகள் வரவில்லை. ஒரு காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மீன் குத்தகை எடுத்திருந்த ஏகாம்பரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வெளியூர்க்காரர். மனைவியோடு கரையோரம் குடிசை போட்டுக்கொண்டு, பரிசலில் போய் வலை வீசுவார். அவர் செத்த மீனைக் கூடை கூடையாக அள்ளிப் புதைத்துக்கொண்டிருந்தார். 'தண்ணி செரியில்ல தலைவரம்மா, மாட்டை இறக்க வேணாம்னு சொல்லுங்க'ன்னு என்னிடம் முதலில் வந்து சொன்னவர் அவர்தான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் பச்சையம்மாவின் இரண்டு மாடும், நம் சிவப்பியும் மதகடியில் விழுந்துவிட்டன. சிவப்பியை நீ கன்றிலிருந்து வளர்த்தாய். அது கால் உதைத்துக்கொண்டு கிடந்தபோது அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நீ அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து அறுத்துப் பார்த்தார்கள். கை கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். 'யாரும் மருந்து கலக்கலம்மா. ஈரல் வீங்கிக் கிடக்கு. தண்ணில இருக்குதே பச்சை, அதுல சில ஜாதி விஷம். ஒரமும் அழுக்கும் தண்ணில ஜாஸ்தியாப் போனா இப்படி வரும். முன்ன இல்லாதது இப்ப ஏன் வந்துச்சு? மேல ஏதாச்சும் வெட்டினீங்களா?'ன்னு கேட்டார்கள். நான் சம்பு வெட்டியதைச் சொன்னேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, 'இதை ஊர்ல படிச்சுக் காட்டுங்க'ன்னு கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை நான்காக மடித்து, ரேஷன் கார்டு வைக்கிற தகர டப்பாவில் வைத்தேன். அந்தத் தாள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதன் நகல் இந்த உறைக்குள் இருக்கிறது, எடுத்துப் படி.

சாயங்காலம் ஊராட்சி மைக்கில் பேசினேன். 'ஏரித் தண்ணியில என்னவோ கலந்திருக்கு, யாரும் மாட்டை விடாதீங்க' என்றேன். கூட்டத்திலிருந்து ஒருவன், 'யார் கலந்தது?'ன்னு கத்தினான். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். யாரும் கலக்கவில்லை, நான் கோடு போட்ட இடத்தில் வெட்டியதால் வந்தது என்று ஒரு வரி. பொம்பளையை நாற்காலியில் உட்கார வைத்தால் இப்படித்தான் என்பார்களே என்று பயந்தேன், பிரபு. எனக்குப் பிறகு எந்தப் பெண்ணையும் நிற்கவிட மாட்டார்களே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். நான் வாய் மூடிய அந்தக் கொஞ்ச நேரத்திலேயே யாரோ, 'மீன்காரன்தான் யூரியா கொட்றான், நான் பார்த்தேன்'ன்னான். மீன் வளர்க்கிறவர்கள் சாணியும் கொஞ்சம் உரமும் போடுவது வழக்கம்தான், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. கூட்டம் கரைக்கு ஓடியது. பரிசலைக் கடப்பாரையால் கிழித்தார்கள், வலைக்குத் தீ வைத்தார்கள். ஏகாம்பரம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். முதல் கல்லை எறிந்தவன் நீ.

அவர் இடது புருவம் கிழிந்து கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. அவர் மனைவி முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். நீ என் பக்கம் திரும்பி, சரியாகச் செய்தேனா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாய். நான் உன் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன். சிவப்பியைக் கொன்றவனை அடித்தேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறாய் அல்லவா? சிவப்பியைக் கொன்றவள் உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். உன் கல் என் மேல் விழுந்திருக்க வேண்டும்.

ஏகாம்பரம் இரண்டே நாளில் ஊரைவிட்டுப் போய்விட்டார். நான் பதவிக்காலத்தை முடித்தேன், மறுபடி நிற்கவில்லை. பிறகு அந்த இடத்தை யாரும் தொடவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மண் படிந்து, வாய்க்கால் முகம் மறுபடி மேடானது. சம்பு தானாக முளைத்தது, கோரை வந்தது. நாலைந்து மழைக் காலத்துக்குப் பிறகு மதகுத் தண்ணீர் தெளிந்தது. ஊர் மறந்துவிட்டது. தண்ணீர் வரும் சத்தம் வீட்டு வாசலுக்குக் கேட்காத முதல் மழையன்று நான் பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன், உன் அப்பா தலைவலித் தைலம் எடுத்து வந்து கொடுத்தார்.

இப்போது அந்தச் சேற்றில் இருப்பது அன்றைக்கு இருந்த மாதிரி வெறும் வயல் உரம் இல்லை. வேங்கிக்கால் பக்கம் புதிது புதிதாக வீடுகள் எழும்பின பிறகு, கோடையிலும் கால்வாய் நிற்பதில்லை. சாக்கடைத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் ஏரி வற்றினாலும் சம்பு பச்சையாக நிற்கிறது. நீ குளிக்கிற தண்ணீர், உன் மனைவி பாத்திரம் தேய்க்கிற தண்ணீர், உன் தெருக் கழிவு எல்லாம் நடந்து வந்து அந்தச் சம்புக் காலடியில்தான் உட்காருகின்றன. பதினான்கு வருடமாக அந்த இடம் வாங்கி வாங்கி அடியில் வைத்துக்கொண்டிருக்கிறது. வைத்துக்கொண்டிருக்கிறதே தவிர, அழித்துவிடவில்லை. கிளறினால் அவ்வளவும் வெளியே வரும். போன மாதம் உன் ஆட்கள் அங்கே சோதனைக் குழி என்று பொக்லைனால் இரண்டு வாளி ஆழத்துக்குத் தோண்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். கறுப்புச் சேறு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அழுகின முட்டை நாற்றம். குழியைத் தாண்டி ஏரிப் பக்கம் ஊறிப் போகிற தண்ணீரை ஒரு காலி பாட்டிலில் பிடித்து வந்து அடுப்படி ஜன்னலில் வைத்தேன். முதல் நாள் கலங்கலாக இருந்தது. நான்காம் நாள் விளிம்பில் பச்சை நூல் மாதிரி ஒரு கோடு. இன்றைக்குப் பாட்டில் முழுக்க அந்தப் பச்சை. 'எதுக்குடி இந்தக் கருமத்தை அடுப்படியில வெச்சிருக்க?'ன்னு உன் அப்பா தினமும் கேட்கிறார். இரண்டு வாளிக் குழிக்கு இது. நீ அங்கிருந்து எடுக்கப்போவது எத்தனை லோடு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு மாடுதான் அந்தத் தண்ணீரைக் குடித்தது. இப்போது மதகுக்குக் கீழே, கரையை ஒட்டித்தான் ஊருக்குக் குடிநீர் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். அதிலிருந்துதான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது. விடுமுறைக்கு வரும்போது உன் மகள் யாழினி நம் வீட்டுக் குழாயில் வாய் வைத்துக் குடிக்கிறாள், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. ஏரியில் ஆவது மண்ணுக்குள் எவ்வளவு இறங்கும், எவ்வளவு நாளில் இறங்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாமலேயே ஒரு தடவை நான் செய்துவிட்டேன்.

ஏரி வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்த மாதிரி முரண்டு பிடிக்கிறவள் இல்லை நான். நடுப்பகுதியை ஆழப்படுத்து. மதகைச் சரி பண்ணு. நடைபாதையும் போட்டுக்கொள், நானும் உன் அப்பாவும் நடக்கிறோம். கால்வாய் வாயை மட்டும் விட்டுவிடு. சம்பு ரொம்ப அடைத்துக்கொண்டால், வேரைத் தொடாமல் மேலே அறுத்து வெளியே கொண்டுபோய்விடு, அது தின்ற சத்தும் அதோடு வெளியே போய்விடும். அதற்கு மேலே சாக்கடையை நிறுத்த வழி கேட்டு எழுதிப் போடு, முதல் கையெழுத்து நான் போடுகிறேன். பிளானில் இருக்கிறது என்று மட்டும் மறுபடி சொல்லாதே. பிளானில் இல்லாததை நான் செய்தேன், பிளானில் இருப்பதை நீ செய்யப் போகிறாய். ஏரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. ஏகாம்பரம் எங்கே இருக்கிறார் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், செருப்பு விடுகிற கொட்டகையில் டோக்கன் கொடுக்கிறார். எத்தனையோ பௌர்ணமி அந்த வழியாகச் சுற்றியிருக்கிறேன். அவர் கொட்டகை வந்தால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடப்பேன். மலையைச் சுற்றினால் கழியும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத மத்தியானம், நேராக அவர் முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். 'வாங்க தலைவரம்மா, உட்காருங்க'ன்னு ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

'ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்'னு ஆரம்பித்தேன். 'டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாங்களே, அந்தத் தாளுதானே?'ன்னார். அவரே தொடர்ந்தார். 'ஊரை விட்டுப் போற அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி அவங்க கால்ல வுழுந்தேன். நான் கலக்கலம்மா, நீங்களாச்சும் சொல்லுங்கன்னேன். ஒங்க தலைவர்கிட்ட எழுதியே கொடுத்துட்டேன், அவங்க சொல்லுவாங்கன்னாங்க. அதான் பக்கத்துல இருக்கிற கீழ்பென்னாத்தூர்லயே ரெண்டு வருஷம் இருந்தேன். நீங்க சொல்லி, ஊர்ல கூப்புட்டா, ஆள் அனுப்பச் சுலுவா இருக்கட்டும்னு.' அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரும் என்று நின்றேன், வரவில்லை என்கிற மாதிரி சொன்னார். நான் அங்கேயே உடைந்துபோய் அழுதேன். செருப்பு வாங்க வந்த இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள்.

அழுது முடித்ததும், 'பையன் இன்னா பண்றான்?'ன்னு கேட்டார். மண் வேலை எடுத்துச் செய்கிறான், நம் ஏரி வேலையும் அவனுக்குத்தான் கிடைத்திருக்கிறது என்றேன். 'எங்க வெட்றான்?' என்றார். வாய்க்கால் முகத்தில் என்றேன். கையில் இருந்த செருப்பு ஜோடியைக் கீழே வைத்தார். 'அவனுக்காச்சும் சொல்லிட்டீங்களா தலைவரம்மா?'

உனக்கும் நான் சொல்லவில்லையே, பிரபு. அதனால்தான் இந்தக் கடிதம். கிராம சபைக்கு வரச் சொல்லி அவரைக் கூப்பிட்டேன். 'வந்து நான் இன்னா பேசப்போறேன்?' என்றார். நீங்கள் பேச வேண்டாம், நான் பேசுகிறேன், உட்கார்ந்திருந்தால் போதும் என்றேன். 'எனக்கு அந்த ஊர்ல ஒக்கார எடம் ஏது?'ன்னார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முன்வரிசையில் வேலை எடுத்தவருக்கு என்று உனக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். அதற்கு வலப்பக்கம் இன்னொரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அவர் வந்து உட்கார்ந்தால் அந்த இடது புருவம் உன் பக்கம்தான் இருக்கும். நான் இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும், வாய்க்கால் முகத்தில் என்ன செய்யப் போகிறாய் என்று ஊர் கேட்கும். அவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்.

உன் அம்மா